சின்னத் தண்டவாளங்களின் பெரிய கதை

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவம் சிறுதேர். தாலாட்டிலும் சப்பாணியிலும் அம்புலியிலும் வளர்ந்த பிள்ளை, இறுதியில் ஒரு சின்னத் தேரை உருட்டிக்கொண்டு தெருவுக்கு வருகிறது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்திய பட்டினப்பாலையிலே ஒரு காட்சி உண்டு. முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்ட ஒரு பெண் தன் பொற்காதணியைக் கழற்றி எறிகிறாள். அந்தக் காதணி கிடந்து, பிள்ளைகள் உருட்டிவரும் மூன்று காலுள்ள சிறுதேரின் வழியை மறிக்கிறது. பெரியவர்கள் எதில் ஏறிப் போகிறார்களோ அதன் சின்ன வடிவம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்பது அவ்வளவு பழைய வழக்கம். ஆனால் இலக்கியம் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறது. சிறுதேர் முடிந்தால் பிள்ளை வளர்ந்துவிட்டது என்று பொருள்.

நேயர்களே, இன்று நான் சொல்ல வந்தது அந்தப் பருவத்தைத் தாண்ட மறுத்த சிலரின் சரித்திரம். வீட்டின் ஓர் அறையிலோ நிலக்கீழ் அறையிலோ மேசை உயரத்தில் பலகை அடித்து, அதன்மேல் மலையும் ஆறும் ஊரும் நிலையமும் அமைத்து, நடுவே கைவிரல் பருமனில் ஒரு புகையிரதத்தை ஓடவிட்டவர்கள் இவர்கள். பாதிரியார், புகைப்படக்காரர், பல்கலைக்கழக மாணவர் என்று பல தொழிலாரும் இவர்களுள் இருந்தார்கள். சிலர் அந்த ஒரே மாதிரிப் பாதைக்கு வாழ்நாளில் பாதியைக் கொடுத்தார்கள்.

சின்னப் புகையிரதம் எப்போது விளையாட்டுச் சாமானாக இருப்பதை விட்டு உண்மையின் மாதிரியாகிறது? இந்தக் கேள்விக்கு இவர்கள் மூன்று விடை கண்டார்கள். அளவு சரியாக இருக்கவேண்டும் என்பது ஒன்று. கண்ணுக்கு உண்மையாகத் தெரியவேண்டும் என்பது இரண்டாவது. அந்த வண்டிக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருக்கவேண்டும் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது விடைதான் நமக்கும் ஏதோ சொல்கிறது என்று நான் நினைக்கிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அளவைப் பற்றிப் பார்ப்போம். 1891ஆம் ஆண்டு ஜேர்மனியின் லைப்சிக் நகரச் சந்தையில் மார்க்லின் என்ற நிறுவனம், எட்டு என்ற இலக்க வடிவத்தில் தண்டவாளம் பூட்டி, சாவி கொடுத்தால் ஓடும் ஒரு புகையிரதத்தைக் காட்டியது. அதற்கு முன்னரும் விளையாட்டு வண்டிகள் இருந்தன. மார்க்லின் செய்த புதுமை, தண்டவாள அகலத்தை இத்தனை இத்தனை என்று வகுத்து இலக்கமிட்டதுதான். இன்று வாங்கிய வண்டியோடு அடுத்த பிறந்தநாளுக்கு இன்னொரு பெட்டி, அதற்கடுத்த வருடம் ஒரு நிலையம் என்று சேர்க்கலாம். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். விளையாட்டுச் சாமான் ஒரு பாதையாக வளரத் தொடங்கியது அன்றுதான்.

1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்குப் போன பாசெற் லோக் என்ற இங்கிலாந்துக்காரர் ஜேர்மன் வேலைப்பாட்டைப் பார்த்து மயங்கினார். நோர்தாம்ப்டன் நகரத்தவரான அவர், இங்கிலாந்தில் உண்மையாக ஓடும் என்ஜின்களின் வடிவத்திலும் வர்ணத்திலும் மாதிரிகளைச் செய்து தரும்படி ஜேர்மனியருடன் ஒழுங்கு செய்துகொண்டார். ஏதோ ஒரு புகையிரதம் என்ற நிலை மாறி, இன்ன பாதையின் இன்ன என்ஜின் என்று கேட்கும் வளர்ந்த வாடிக்கையாளர் தோன்றினார். 1910இல் இலண்டனில் மாதிரிப் புகையிரதக் கழகம் ஒன்றும் உருவாகிவிட்டது.

வீடுகள் சிறுத்தபோது பாதையும் சிறுக்க வேண்டியதாயிற்று. முப்பத்திரண்டு மில்லிமீற்றர் அகலப் பாதைக்குச் சுழி என்று இலக்கமிட்டிருந்தார்கள். அதில் பாதியளவில் மேசைமேல் ஓடக்கூடிய ஒரு பாதை 1922இல் வெளிவந்தது. இந்த வழியில் வளர்ந்து நிலைத்ததே 'எச் ஓ', அதாவது பாதிச் சுழி என்ற அளவு. உண்மையில் எண்பத்தேழு அடி நீளமுள்ளது இதில் ஓரடி. தண்டவாள அகலம் பதினாறரை மில்லிமீற்றர்.

இங்கிலாந்தின் என்ஜின்கள் ஐரோப்பிய என்ஜின்களைவிட உடல் ஒடுங்கியவை. அன்றைய மோட்டார் அவற்றின் எச் ஓ மாதிரிக்குள் அடங்கவில்லை. ஆகவே தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு, ஓரடிக்கு நாலு மில்லிமீற்றர் என்று என்ஜினை மாத்திரம் சற்றுப் பெருப்பித்தார்கள். விளைவு என்ன? நாலடி எட்டரை அங்குலம் இருக்கவேண்டிய பாதை, கணக்குப் பார்த்தால் நாலடி ஒன்றரை அங்குலமாகிவிட்டது. ஏழு அங்குலம் குறைகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைக் கவனிக்கவே மாட்டார்கள். கவனித்த சிலர் இரவு நித்திரை கொள்ளவில்லை! அவர்கள் பதினெட்டு மில்லிமீற்றரில் ஒரு முறையை வகுத்தார்கள். 1960களில் இன்னும் சிலர் பதினெட்டுத் தசம் எண்பத்து மூன்று என்ற சரியான அளவுக்கே போய், ஒவ்வொரு சில்லையும் தாங்களே பொருத்திக்கொண்டார்கள்.

நமது நாட்டின் பெரும்பாதையோ ஐந்தடி ஆறங்குல அகலம். அதே அளவுத் திட்டத்தில் அதைச் செய்ய விரும்புகிறவருக்கு இருபத்திரண்டு மில்லிமீற்றர்ப் பாதை வேண்டும். கடையில் வாங்கிய பதினாறரை மில்லிமீற்றரில் நமது மலைநாட்டு என்ஜினை நிறுத்தினால், தடித்த மனிதர் ஒடுங்கிய வாங்கிலில் இருந்தது போலத்தான் தோன்றும்.

அளவு சரியாகிவிட்டது, சரி. வண்டி எதற்காக ஓடுகிறது? வட்டமாகப் போட்ட பாதையில் முப்பது முறை சுற்றிவந்தால், செய்தவருக்கே அலுத்துவிடும். பார்க்க வந்தவர் தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். இந்த அலுப்பிலிருந்துதான் இந்தக் கலையின் இரண்டாம் பிறவி தொடங்கியது.

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் பிராங்க் எலிசன் என்று ஒருவர் இருந்தார். டெல்டா லைன்ஸ் என்ற கற்பனைப் பாதையை அமைத்தவர். 1944இல் 'மொடல் ரெயில்ரோடர்' சஞ்சிகையில் ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். அது யுத்தகாலம். 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதியோடு அமெரிக்காவில் விளையாட்டுப் புகையிரதங்கள் செய்வதே நிறுத்தப்பட்டிருந்தது. புதிதாக எதையும் வாங்க வழியில்லாத அந்த நேரத்தில், இருப்பதை வைத்து என்ன செய்வது என்று அவர் சொல்லிக்கொடுத்தார். மாதிரிப் பாதை ஒரு நாடகமேடை, வண்டிகள் நடிகர்கள், நேரசூசிதான் நாடகத்தின் கதை என்பது அவர் கருத்து. மேடையைச் சோடித்து, நடிகரை நிறுத்திவிட்டு, கதையே இல்லாமல் திரையைத் தூக்கலாமா? இந்த ஓர் உவமை, பலகைமேல் வண்டி ஓட்டிய ஒரு தலைமுறையின் கண்ணைத் திறந்துவிட்டது எனலாம்.

கதை எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். ஒரு சரக்கு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சிறிய மட்டை உண்டு. அதில் ஒரு சீட்டு செருகப்பட்டிருக்கும். இன்ன ஊர் மரக்காலைக்கு, இன்ன ஊர்ச் சாமான் கொட்டகைக்கு என்று அதில் எழுதியிருக்கும். இந்த மட்டை முறையை 1961இல் டக் ஸ்மித் என்பவர் அதே சஞ்சிகையில் விளக்கினார். பிறகு அது எங்கும் பரவியது. வண்டியை ஓட்டுபவர் மட்டைகளைக் கையில் அடுக்கிக்கொண்டு புறப்படுகிறார். முதல் நிலையத்தில் இரண்டு பெட்டிகளை விடவேண்டும், ஒன்றை எடுக்கவேண்டும். ஆனால் பெட்டி நிற்கவேண்டிய பக்கப் பாதை எதிர்ப்புறமாகத் திறக்கிறது. என்ஜின் பெட்டிகளுக்கு முன்னே இருந்தால் உள்ளே தள்ள முடியாது. ஆகவே என்ஜினைக் கழற்றி, அடுத்த பாதையால் சுற்றிக் கொண்டுவந்து பின்னால் பூட்டவேண்டும். இதற்குள் எதிரே கடுகதி வரும் நேரமாகிவிடுகிறது. பிரதான பாதையை அதற்கு முன் விட்டு ஒதுங்காவிட்டால் கடுகதி வெளியே நிற்கும். பின்னே வருகிற எல்லாம் பிந்தும்.

நேரத்துக்கும் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார்கள். எச் ஓ அளவில் ஒரு மைல் என்பது ஏறத்தாழ அறுபது அடி. கொழும்பிலிருந்து கண்டிக்கு எழுபத்தைந்து மைல். அதை அப்படியே அமைக்க நாலாயிரத்து ஐந்நூறு அடிப் பாதை வேண்டும். எந்த வீட்டில் அவ்வளவு இடம் இருக்கிறது? தூரத்தைக் குறைத்தவர்கள் மணிக்கூட்டை விரைவாக்கினார்கள். சுவரில் தொங்கும் மணிக்கூட்டில் ஒரு மணித்தியாலம் பத்து நிமிடத்திலோ ஐந்து நிமிடத்திலோ கழிந்துவிடும். மூன்று மணித்தியாலச் சந்திப்பில் ஒரு முழுநாள் வேலை நடந்துவிடும். ஒருவர் கட்டுப்பாட்டாளர். ஒருவர் நிலைய அதிபர். மற்றவர்கள் சாரதிகள். ஒருவர் பிந்தினால் எல்லோரும் பிந்துவார்கள். தனிமனிதனின் பொழுதுபோக்கு, ஒருவரை ஒருவர் நம்பி நடக்கவேண்டிய ஒரு கூட்டு வேலையாயிற்று.

இங்கிலாந்தில் இதைக் குடும்பமாகவே நடத்திய ஒருவர் பீற்றர் டெனி. அங்கிலிக்கன் திருச்சபைப் பாதிரியார். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பக்கிங்ஹாம் நகருக்கு ஒரு கிளைப்பாதை போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து, 1907ஆம் ஆண்டுக் கோலத்தில் அதை அமைக்கத் தொடங்கினார். நிலையத்துக்கு நிலையம் மணியடித்துப் பேசும் உண்மையான பிரித்தானிய முறையையே கையாண்டார். ஒரு தட்டு என்றால் 'கவனி.' தொடர்ந்து நாலு தட்டு என்றால் 'கடுகதிக்குப் பாதை தருவாயா?' இரண்டு தட்டு என்றால் 'வண்டி உன் பகுதிக்குள் நுழைகிறது.' இரண்டு தட்டி நிறுத்தி ஒன்று தட்டினால் 'வண்டி வந்து சேர்ந்தது.' மறுமுனையில் மணிக்குப் பதில் சொல்லி வண்டி அனுப்புபவர் அவருடைய மகன் கிறிஸ்பின். பிள்ளை வளர்ந்தால் வீட்டில் எப்போதும் இருப்பானா? மகன் இல்லாத வேளைக்காகத் தகப்பன் ஓர் இயந்திரத்தைச் செய்தார். அது நேரசூசிப்படி மணியடித்து, பதில் சொல்லி, வண்டி அனுப்பும். அதற்கு அவர் இட்ட பெயர் 'தானியங்கிக் கிறிஸ்பின்.' இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்கலாம். எனக்கென்னவோ, மகனுடைய இடத்தை வெறுமையாக விட மனமில்லாத ஒரு தகப்பனின் மனம் அதற்குள் தெரிகிறது.

இந்த மணிமொழி நமக்கும் அந்நியமானதல்ல. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடாதபடி, 'டப்லட்' என்ற உலோகத் தகட்டைக் கொடுத்து வாங்கும் முறை நமது நாட்டில் நெடுங்காலம் வழங்கியது. அந்தத் தகடு கையில் இல்லாமல் சாரதி அடுத்த பகுதிக்குள் போக முடியாது. தகட்டைத் தோற்பையிலிட்டுப் பெரிய வளையத்தில் மாட்டி மேடையோரத்தில் ஒருவர் உயர்த்திப் பிடித்து நிற்பார். ஓடுகிற என்ஜினிலிருந்து ஒரு கை நீண்டு அதைக் கவ்விக்கொள்ளும். சிறு வயதில் நான் அதை ஏதோ வித்தை என்று எண்ணி வாய் பார்த்து நின்றிருக்கிறேன். நூற்றுக்கணக்கான உயிர்களைக் காக்கும் ஓர் ஒப்பந்தம் அந்தக் கணத்தில் கைமாறுகிறது என்பது பின்னரே விளங்கியது.

பலகைக்கு மேலே நாடகம் நடக்க, பலகைக்குக் கீழே ஒரு புதிய உலகமே பிறந்த கதையும் உண்டு. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1946இல் மாணவர்கள் ஒரு மாதிரிப் புகையிரதக் கழகத்தை ஆரம்பித்தார்கள். யுத்தகாலத்தில் தற்காலிகமாகக் கட்டிய 20ஆம் இலக்கக் கட்டடம் அவர்கள் இருப்பிடம். சிலர் வீடும் மரமும் செய்தார்கள். வேறு சிலர் பலகைக்குக் கீழே படுத்து, தொலைபேசி நிலையத்துக்குரிய மின்சாதனங்களைப் பூட்டி, எந்த வண்டி எந்தப் பாதையில் போகவேண்டும் என்பதை மின்கம்பிகளே முடிவுசெய்யும்படி அமைத்தார்கள். அந்தக் கீழ்ப்பக்கத்துப் பிள்ளைகளிற் பலர் கணனியின் பக்கம் திரும்பினார்கள். 'ஹக்கர்' என்ற சொல் கணனி உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது அவர்கள் வழியாகத்தான். அன்று அதற்குத் திருட்டு என்ற பொருள் இல்லை. வேலையின் இன்பத்துக்காகவே சாமர்த்தியமாக ஒன்றைச் செய்பவன் என்பதே பொருள். கணனி விளையாட்டுகளில் மிக முந்தியவற்றுள் ஒன்றான 'ஸ்பேஸ்வோர்' 1962இல் இவர்களுடைய வட்டத்திலிருந்து வெளிவந்தது. அதை ஆடுவதற்கான கைப்பிடிப் பெட்டிகளைச் செய்யக் கழகத்தின் பழைய சாமான்களே உதவின.

இனி, கண்ணுக்கு உண்மையாகத் தெரியவேண்டும் என்று பாடுபட்ட இருவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

முதலாமவர் ரோய் இங்லண்ட். பெயரில்தான் இங்லண்ட். பிறந்தது அவுஸ்திரேலியாவில். 1925இல் இங்கிலாந்துக்கு வந்தவர், 'வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு' என்ற கிராமப்புறத்தின் அழகில் மனத்தைப் பறிகொடுத்தார். வைக்கோலால் வேய்ந்த பழைய வீடுகள் அவர் கண்முன்னாலேயே மாற்றப்பட்டும் இடிக்கப்பட்டும் வந்தன. தடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை, விலைக்கு வாங்கப் பணமும் இல்லை. ஆகவே அளவுகோலையும் மட்டையையும் எடுத்தார். இருக்கிற வீடுகளை நேரிற் சென்று அளந்து, ஓரடிக்கு நாலு மில்லிமீற்றராக மட்டையில் செய்து, கல்லுக்குக் கல் நீர்வர்ணம் பூசினார். ஒரு வீட்டுக்கே மாதக்கணக்கிற் காலம் பிடித்தது. 1954இல் லோங் விற்றன்ஹாம் என்ற ஊரில் பென்டன் அருங்காட்சியகம் இப்படி உருவானது. அவரோடு சேர்ந்த தொண்டர்கள் அதை வளர்த்தார்கள். 1920களையும் 30களையும் சேர்ந்த ஒரு நாட்டுப்புறமும், அதனூடே ஓடிய கிரேட் வெஸ்டேர்ன் புகையிரதப் பாதையும் அங்கே இருக்கின்றன. அந்தப் புகையிரதக் கம்பனி 1948இல் அரசுடைமையாகி மறைந்தது. ரோய் இங்லண்ட் 1995இல் காலமானார். பள்ளத்தாக்கு மாறிவிட்டது. மட்டை வீடுகள் நிற்கின்றன.

மற்றவர் ஜோன் அலன். 1913இல் பிறந்த அமெரிக்கர், தொழிலால் புகைப்படக்காரர். கலிபோர்னியாவின் மொன்ரறே நகரில் தம் வீட்டின் நிலக்கீழ் அறையில், தரையிலிருந்து கூரைவரை எழும் மலைகளுக்கிடையே அவர் அமைத்த பாதையின் பெயர் 'கோர் அன்ட் டபீற்றெட்.' ஆங்கிலத்தில் உரத்து வாசித்தால் 'இரத்தக்களரியாய்த் தோற்றது' என்று காதில் விழும் ஒரு பகிடி. பகிடிக்காரர்தான். பெட்டிகளை இழுத்துத் தள்ளும் சிறு என்ஜினுக்குப் பதிலாக முதுகில் செதில் முளைத்த ஒரு டைனோசரை அவர் வேலைக்கு வைத்திருந்தார்! ஆனால் மற்றவர்கள் புத்தம்புதிதாய்ப் பளபளக்கும் வண்டிகளை ஓட்டிய காலத்தில், கரியும் துருவும் மழைக்கறையும் படிந்த வண்டிகளை ஓட்டியவரும் அவரே. பொருள் உழைத்தால் அழுக்காகும், அழுக்கு அதன் உழைப்புக்குச் சாட்சி என்பதைத் தம் புகைப்படங்களால் உலகுக்குக் காட்டினார். கண்ணாடிகளைத் தந்திரமாக வைத்து அறையை இருமடங்காக்கினார். நண்பர்கள் கூடி அங்கே நேரசூசிப்படி வண்டி ஓட்டினார்கள். பெட்டிகளைத் தள்ளி இழுத்து ஒழுங்குபடுத்தும் ஒரு புதிர் விளையாட்டையும் அவர் ஆக்கினார். ஒரு பலகையளவே இடம் பிடிக்கும் அந்தப் புதிரை இன்றும் பல நாடுகளில் ஆடுகிறார்கள்.

1973 ஜனவரி 6ஆம் திகதி ஜோன் அலன் மாரடைப்பால் இறந்தார். பத்தாம் நாள் அந்த வீட்டில் தீப்பற்றியது. ஏறத்தாழ இருபது வருட உழைப்பின் பெரும்பகுதி ஓர் இரவில் சாம்பலாயிற்று.

இந்தச் செய்தியை முதன்முதல் வாசித்தபோது எனக்கு நமது ஊர்களில் எரிந்த வேறு சில ஞாபகம் வந்தன. எரிந்ததை அப்படியே திரும்பச் செய்ய எவராலும் இயலாது. ஆனால் அலனுடைய பாதை முற்றாக மறையவில்லை. அவருடைய படங்கள் இருந்தன. அவரோடு வண்டி ஓட்டிய நண்பர்கள் இருந்தார்கள். எந்த வண்டி எப்போது புறப்படும், எந்தப் பெட்டி எங்கே போகும், எப்படி ஓட்டவேண்டும் என்ற முறை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மொடல் ரெயில்ரோடரின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ற்கொற் இவற்றையெல்லாம் சேர்த்து எழுதினார். அந்த நூல் அவரும் இறந்தபின் 1981இல் வெளிவந்தது. பொருள் போனாலும் நடைமுறை தெரிந்தவர் ஒருவர் எழுதிவைத்தால், இன்னொருவர் அதைத் தொடரலாம்.

நேயர்களே, முன்னே சொன்ன மூன்றாவது விடைக்கு வருகிறேன். காங்கேசன்துறைவரை 1905இல் முழுமையாகத் திறக்கப்பட்ட நமது வடபாதையில், யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. 1990 ஜூனோடு யாழ்ப்பாணத்துக்கு வண்டி நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும்கூட இல்லாமற் போயின. 2014 ஒக்ரோபரில் மறுபடியும் யாழ்ப்பாணத்துக்கு வண்டி வந்தது. அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறையை அடைந்தது. பாதை புதிது, சமிக்ஞை முறையும் புதிது. பழைய நிலையங்களின் புகைப்படங்கள் சில வீடுகளில் இருக்கும். கடுகண்ணாவையில் 2014இல் திறந்த அருங்காட்சியகத்தில் பழைய என்ஜின்களைப் பார்க்கலாம். நாளை ஒரு பிள்ளை, 1960களின் ஒரு வடபகுதி நிலையத்தை மேசைமேல் அமைக்க ஆசைப்பட்டால், கட்டடத்தை அந்தப் படங்களைப் பார்த்துச் செய்துவிடும்.

ஆனால் இரவுத் தபால் வண்டி வருமுன் அந்த நிலையத்தில் யார் என்ன செய்தார்கள்? எத்தனை மணி அடித்தார்கள்? வெங்காயமும் புகையிலையும் ஏற்றிய பெட்டிகளை எந்தப் பக்கப் பாதையில் நிறுத்தினார்கள்? எந்த வண்டிக்காக எந்த வண்டி எங்கே காத்து நின்றது? இவை படத்தில் இல்லை. அங்கே வேலை செய்த நிலைய அதிபர்கள், கார்ட்டுகள், சாரதிகள், கைகாட்டி இழுத்தவர்கள் ஆகியோரின் நினைவில் மாத்திரமே இருக்கின்றன. அவர்களிற் பலர் போய்விட்டார்கள். இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது.

அப்படியானவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் இருங்கள். "அப்பு, அந்த நாளையிலை விடிய முதல் வண்டிக்கு என்ன செய்வியள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல, நேரம் பிசகாமல், வரிசை மாறாமல் எழுதுங்கள். தண்டவாளத்தைப் பிறகு யாராவது செய்துகொள்ளலாம்.